எருக்கம்பஞ்சு கேட்ட நிழல்

எருக்கம்பஞ்சுக்குத் துரோகம் செய்தது அது சுமந்த விதைதான்.

காய் வெடித்த அன்று, "அண்ணே, என்னை ஈரமண்ணுல இறக்கி விடுங்க. முளைச்சதும் என் நிழல்ல உங்களுக்கு இடம் தர்றேன்" என்று விதை கெஞ்சியது. பஞ்சு தன் இழைகளையெல்லாம் விரித்துக் காற்றைப் பிடித்தது. விதையின் பாரத்தைத் தாங்க வேண்டுமே என்று தனக்கென்று எடையே வைத்துக்கொள்ளாமல் ஏழு வேலி தாண்டிக் கொண்டுபோய் இறக்கியது.

விதை செடியாகி நின்றது. முள்ளில் கிழிந்து, அலைந்து களைத்த பஞ்சு ஒருநாள் அங்கே வந்து இடம் கேட்டது.

"இவ்வளவு மெத்துனு இருக்கீங்க, உங்களுக்கென்ன கஷ்டம்? எங்க வேணும்னாலும் கிடக்கலாமே!" என்றது செடி.

"உன்னைத் தூக்கத்தானடா இப்படி ஆனேன்."

செடி தன் இலைகளை ஒடுக்கிக்கொண்டது. காற்று பஞ்சை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த நிழல் இன்னும் பஞ்சுக்குச் சேர வேண்டியதுதான்.