கல்லறைக் குழாய்த் தண்ணி

வேலிக்கு வெளிய நிக்கற சைக்கிள்காரங்க கல்லறைக் குழாய் எங்கன்னு கேட்டதுக்கு, கல்லறைத் தோட்டத்துத் தண்ணியையா குடிப்பாங்கன்னு மூஞ்சியச் சுளிக்கிறியே ஃபான்னி, ஆமா, குடிப்பாங்க! சைக்கிள்ல ஊர் சுத்தறவங்களக் கேட்டுப் பாரு. மத்தியானமானா பேக்கரியப் பூட்டிடுவாங்க, காப்பிக் கடைக்காரன் கதவச் சாத்திட்டுப் படுத்துடுவான். ஆனா எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கல்லறைத் தோட்டத்துல ஒரு குழாய் இருக்கும். கல்லறைங்க மேல இருக்கற பூந்தொட்டிக்கு ஊத்தறதுக்காக வெச்சது. சில்லுனு வரும்.

ஒதில்னு ஒருத்தி. அவளுக்குக் கூட தண்ணி மேல கோபம் இல்ல. ரெஜிஸ் மேலதான்.

ரெஜிஸ் அவ அக்கா மிரேயோட புருஷன். மிரேய் போன இலையுதிர் காலத்துல செத்துப் போயிட்டா. அதுலேருந்து மனுஷன் காலையில கல்லறை, சாயங்காலம் கல்லறை. சமையல் கிடையாது, சிரிப்பு கிடையாது. ஆளே பாதியாயிட்டான்.

"இப்படியே விட்டா அக்கா பக்கத்துலயே இவனுக்கும் குழி வெட்டணும்"னு ஒதில் தன் புருஷன் லூசியான்கிட்ட சொன்னா. மூணு பேருமா லுவார் ஆத்தங்கரையோரம் ஒரு வாரம், அவசரமே இல்லாம சைக்கிள்ல போறதுன்னு முடிவாச்சு.

லூசியான் இருக்கானே, அவன் பெடல் மிதிக்கிறதே அடுத்த சாப்பாட்டுக்காகத்தான். ஒரு தடவ பாலாடைக்கட்டிய வெயில்ல பையில வெச்சு மறந்துட்டு ரயில்ல ஏறினான் பாரு, நாத்தம் தாங்காம அந்தப் பெட்டியில இவனத் தவிர ஒருத்தர் மிச்சமில்ல. டிக்கெட் பாக்கறவர் கூட கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டார்... சரி, அது இப்ப எதுக்கு.

ரெஜிஸ் முதல்ல வர மாட்டேன்னுட்டான்.

"மிரேயோட பூந்தொட்டிக்கு யார் தண்ணி ஊத்துவா?"

"பக்கத்து வீட்டு ஜினெத்துகிட்ட சொல்லியாச்சு. தினம் ஊத்துவா. நீ கிளம்பு. ஆனா வழியில கல்லறைப் பேச்சே எடுக்கக் கூடாது, ஆமா!"

பேச்சு எடுக்கலதான். ஆனா ஊருக்கு ஊர், "தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்"னு சைக்கிள கல்லறைச் சுவத்துல சாய்ச்சுட்டு உள்ள போயிடுவான். போனா லேசுல வர மாட்டான்.

நாலாம் நாள் வெயில் மண்டையப் பொளந்துச்சு. அடுத்த ஊர் விடுதியில மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க. ஒன்றரை மணி தாண்டிட்டா சமையல்காரர் அடுப்ப அணைச்சுடுவார். ஜனாதிபதியே வந்தாலும் காஞ்ச ரொட்டிதான்.

ரெஜிஸ் மறுபடி பிரேக் போட்டான்.

"மறுபடியுமா? உன் பாட்டில்தான் நிறைய இருக்கே!"ன்னா ஒதில்.

"சூடாயிடுச்சு. மாத்திக்கறேன்."

"நீ மனுஷனா, ஒட்டகமா?"

"ஒட்டகம் இத்தன தடவ நிக்காது"ன்னான் லூசியான். "அங்க வறுத்த மீன் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது, ஒதில்!"

இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு ஒதில் அவன் பின்னாலயே போனா. அழுதுக்கிட்டு நிப்பான்னுதான் நினைச்சா.

ரெஜிஸ் அழல. குழாயில பாட்டில நிரப்பினான். கடைசி மூலையில, பேரே அழிஞ்சுபோன ஒரு கல்லுக்குப் போனான். வாடிக் கிடந்த தொட்டியில பாட்டிலக் கவுத்தான். திரும்ப நிரப்பினான். அடுத்த தொட்டிக்குப் போனான்.

"என்ன பண்ற?"

கையும் களவுமா மாட்டினவன் மாதிரி முழிச்சான். "இந்த மூலைக்கு யாரும் வரதில்ல போல. காஞ்சு கிடக்கு."

"இவங்கல்லாம் யாரு உனக்கு?"

"யாரோ. ஜினெத்துக்கு மிரேய் என்ன சொந்தமா? அங்க அவ ஊத்தறா, இங்க நான் ஊத்தறேன். அதனாலதான் நிம்மதியா சைக்கிள் ஓட்டறேன்"னு சொல்லி லேசா சிரிச்சான். எத்தன மாசம் கழிச்சு!

ஒதில் அவன் முகத்தப் பாக்காம திரும்பிக்கிட்டா.

ஏன்னா அவ ஜினெத்துகிட்ட சொல்லவே இல்ல. இவனக் கிளப்பணுமேன்னு வாயில வந்தத அளந்து விட்டா. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தவ, மூட்டை கட்டற அவசரத்துல சுத்தமா மறந்துட்டா. நாலு நாளா இந்த வெயில்! திரும்பிப் போய் அந்தக் கருகின தொட்டியப் பாத்தா மனுஷன் என்ன ஆவான்?

ஜினெத்துக்கு ஒரு ஃபோன் போட்டுட்டு வரேன்னு சுவத்துக்குப் பின்னால ஓடினா.

"ஜினெத், ஒரு தப்பு பண்ணிட்டேன். அக்காவோட தொட்டி கருகிடுச்சா?"

"கருகறதா? கொள்ளப் பூ!"

"நீ ஊத்தறியா?"

"எங்க ஊத்த விட்டாங்க? நீ சொல்லாட்டியும் நானே பூவாளியத் தூக்கிட்டுப் போறேன், போறப்பல்லாம் மண்ணு ஈரமா இருக்கு. நீதான் யாருக்கோ சொல்லிட்டுப் போயிருக்கேன்னு நினைச்சேன். இன்னிக்குத்தான் ஒரு ஜோடியப் பிடிச்சேன், டச்சுக்காரங்க. 'மிரேய்க்குச் சொந்தமா?'ன்னு கேட்டா, முழிக்கிறாங்க. நேத்து வேற யாரோ, முந்தாநேத்து ரெண்டு பொண்ணுங்க. எல்லாம் உங்கள மாதிரி சைக்கிள்காரங்கதான்டி. தண்ணி பிடிக்க வந்தவங்க."

ஒதில் திரும்பி வந்தா.

"ஜினெத்தா? என்ன சொல்றா?"ன்னு கேட்டான் ரெஜிஸ்.

"கொள்ளப் பூவாம்."

சொல்லிட்டு, தன் பாட்டிலக் குழாயடியில நீட்டினா. வெளியிலேருந்து லூசியான் கத்தறான், "ஒன்றரை ஆகப் போகுது!"

"நீயும் பாட்டில எடுத்துக்கிட்டு உள்ள வா!"

அன்னிக்கு மூணு பேருக்கும் காஞ்ச ரொட்டிதான். இப்ப நம்பறியா? ஏய் ஃபான்னி, வேலிக்கு வெளிய அந்த சைக்கிள்காரங்க இன்னும் நிக்கறாங்க பாரு, அவங்க பாட்டில வாங்கி உள்ள எடுத்துட்டு வா, நாமளே நிரப்பிக் குடுப்போம்!