காந்தப் பின்

“ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராதீங்கம்மா. இப்படி எனக்கு நேரா வாங்க. முகத்துல வெளிச்சம் படட்டும்.”

அதிகாரியின் குரல் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்தாள். கூட வந்த கணவன் ஓரத்து ஸ்டூலுக்குப் போனான். போலீஸ் விசாரணைக்கு வந்துவிட்டோமோ என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

வந்த காரியம் இதுதான். சார்ஜ் ஏற்றி ஓட்டுகிற சாதனம் எதுவானாலும் இனிமேல் ஒரே மாதிரி சார்ஜர் பின்தான் வைக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. செல்போன்காரர்கள் முனகிக்கொண்டே மாற்றிவிட்டார்கள். அவளுடையது காது கேட்கும் கருவி செய்கிற சின்னக் கம்பெனி. கருவியை உள்ளே வைத்து சார்ஜ் ஏற்றும் டப்பாவுக்கு, அவளே யோசித்து யோசித்துச் செய்த காந்தப் பின் ஒன்று இருந்தது. அதற்கு இந்த மாதத்துக்குள் விலக்குக் கிடைக்காவிட்டால் அச்சு முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் கம்பெனிக்குப் பூட்டுதான். அங்கே வேலை பார்க்கிற பன்னிரண்டு பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

“சொல்லுங்க,” என்றார் அதிகாரி.

“சார், எங்ககிட்ட வாங்குறவங்க பெரும்பாலும் வயசானவங்க. கை நடுங்கும். சின்ன ஓட்டையில பின்னைச் சொருக வராது. எங்களுது அப்படியில்ல. பக்கத்துல கொண்டுபோனாலே காந்தம் இழுத்துக்கும். கண்ணை மூடிக்கிட்டே மாட்டலாம்.”

அவர் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவசரமாக விழுங்கிய பன் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே மேலே பேசினாள்.

“கைக்குட்டையை எடுத்துட்டுப் பேசுங்க.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கைக்குட்டையைப் பையில் போட்டாள்.

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறையும் அடித்து அதுவாகவே ஓய்ந்தது.

கணவன் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்தான். “பந்தாவைப் பாரு. இங்க வந்து தேவுடு காத்த நேரத்துக்கு, கம்பெனியில ஒரு மாசமா குவிஞ்சு கெடக்கிற லெட்டரையாவது பிரிச்சுப் பாத்திருக்கலாம்.”

“சும்மா இருங்க, காதுல விழுந்துடப் போகுது,” என்று அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

நல்லவேளை, அதிகாரி கண்டுகொள்ளவில்லை. அவள் ஃபைலைத் திறந்தாள். இருப்பதிலேயே பலமான ஆயுதத்தை அப்போதுதான் எடுத்தாள். கருவி வாங்கிய ஒரு தாத்தா எழுதிய கடிதம் அது. பேரன் தூக்கத்தில் சிரிக்கிற சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். குனிந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

மேஜையில் டொக்கென்று ஒரு தட்டு.

“பேப்பரைக் கீழ வைங்க. தலையை நிமிர்த்தி, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“நான் ஒண்ணும் பொய் சொல்லல சார்.”

“நான் அப்படிச் சொல்லலையே. என்னைப் பாத்துச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன்.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. போனால் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு இது நூத்துல ஒரு ஃபைல் சார். எங்களுக்கு அப்படியில்ல. சுத்தி நாலு பேர் சிரிக்கறப்போ, எதுக்குச் சிரிக்கறாங்கன்னே தெரியாம கூடவே சிரிச்சு வைக்கிறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டான். விலக்குக்கு முழுக்குப் போட்டாயிற்று என்று அவன் முகமே சொன்னது.

அதிகாரி கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க சார்ஜர் வயர் தொலைஞ்சுபோனா அவங்க என்னம்மா பண்ணுவாங்க?”

“எங்களுக்கு ஒரு லெட்டர் போட்டா போதும் சார். அனுப்பிடுவோம்.”

“கடையில கெடைக்காதா?”

“எங்க போனாலும் கெடைக்காது சார். நாங்க மட்டுந்தான் செய்யறோம்.” இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“வீட்டுல ஆறேழு போன் வயரு கெடக்குமே, அதுல ஒண்ணு?”

“அது எதுவும் இதுல சேராது சார்.”

“சரி. நீங்க அனுப்பறவரைக்கும்?”

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது. நடுங்குகிற கையைப் பற்றி இரண்டு வருஷம் யோசித்தவள் இதை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

“கொஞ்ச நாள்தானே சார்... பொறுத்துக்கணும்.”

அதிகாரி இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூடியில் அவளுடைய கம்பெனியின் பச்சைக் குருவி முத்திரை. உள்ளே இரண்டு கருவிகளும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன.

“வயரை ரயில்ல தொலைச்சுட்டு உங்களுக்கு லெட்டர் போட்டு இன்னியோட பத்தொன்பது நாள் ஆச்சும்மா,” என்றார், அதே உரத்த குரலில். “அன்னியிலேருந்து எல்லார் பேச்சையும் வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். உங்க வீட்டுக்காரர் காலண்டர் பக்கம் திரும்பிக்கிட்டு ஏதோ சொன்னாரே, அதுதான் விட்டுப்போச்சு. என்ன சொன்னாரு?”