பெற்றவளிடம் பெயர் கேட்பவள்

ஜன்னல் வெயில் பட்டு, பையிலிருக்கும் புற்றுநோய் மருந்து மாதுளைச் சாறாய் மின்னுகிறது. நர்ஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலருகே நிற்கிறாள். "உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்க." பக்கத்துக் கட்டில்காரி சிரித்தேவிடுகிறாள். "நல்லா இருக்கே! பெத்த அம்மா பேரு மறந்துபோச்சா?" அம்மா சிரிக்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காகச் சொல்கிறாள். நர்ஸாக நிற்கும் மகள் அதை அம்மாவின் கையில் கட்டிய பெயர்ப்பட்டையோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்கிறாள். இன்னொரு நர்ஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு, இவள் போட்ட கணக்கைப் பாராமல், மருந்தின் அளவைத் தனியாகப் போடுகிறாள். "இந்தச் சீட்டுல இருக்கிற எடை மூணு வாரத்துக்கு முந்தினது," என்கிறாள். "இறங்குங்க, பார்த்துடலாம்," என்கிறாள் மகள். "தினமும் வீட்டுல பார்த்துட்டுத்தானேடி இருக்கே?" "கண்ணால பார்த்தா கிலோ தெரியாதும்மா." வேலை நேரத்தில் அம்மா என்று வாய்தவறியதற்கு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். எடை மெஷினின் முள் நடுங்கி நிற்கிறது. ஆறு கிலோ குறைவு. மகளின் கை அம்மாவின் முழங்கையை விடாமல் ஒரு கணம் அப்படியே இருக்கிறது. பிறகு பையைத் தட்டில் வைத்து மருந்தகத்துக்கே திருப்பி அனுப்புகிறாள். இந்த உடம்புக்கு அது அதிகம். "இனி அது எப்போ வந்து, எப்போ ஏத்தி..." என்று பக்கத்துக் கட்டில் முணுமுணுக்கிறது. "வரட்டும்," என்கிறாள் அம்மா.

வெயில் கட்டில் காலுக்கு நகர்ந்தபின் புதுப் பை வருகிறது. மகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறாள். "உங்க பேரு?" அம்மா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள்.