ஆளோடு வரும் படகு

ட்ரெந்தே மாகாணத்துக் கால்வாய்க் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஃபென்னா படகை இழுக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறாள். நீருக்கடியில் கிடந்த சங்கிலி சொட்டச் சொட்ட எழுகிறது. அக்கரையில் கிடந்த படகு மெல்ல வருகிறது. உள்ளே கிழவர் வுப்போ, மடியில் காப்பிக் குடுவை. “இறங்கலையா தாத்தா?” “நான் எங்கயும் போகலம்மா. படகோட வந்தேன்.” “அதான் இந்தக் கனமா!” “காலைல கேக் கொஞ்சம் ஜாஸ்தி.” அவள் சைக்கிளோடு ஏறியதும் குடுவை மூடியில் காப்பி ஊற்றிக் கொடுக்கிறார். “நீ குடி, நான் சுத்துறேன்.” படகிலுள்ள சக்கரத்தை அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறார், வாத்துகள் முந்திப்போகின்றன. “இருட்டிடும் தாத்தா!” என்று சிரிக்கிறாள். குளிர்காலத்துக்காக நாளை படகைக் கரையேற்றிவிடுவார்கள், இனி ஏப்ரலில்தான் ஓடும். அக்கரை வந்ததும் மூடியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறாள். வெயில் மங்குகிறது. வுப்போ படகிலேயே உட்கார்ந்திருக்கிறார், அதன் சக்கரத்தைத் தொடவில்லை. இன்னும் யாராவது வந்து சுற்றுவார்களா என்று எதிர்க்கரைச் சக்கரத்தைப் பார்த்தபடி மூடியில் மறுபடி காப்பி ஊற்றி வைக்கிறார்.