கண்ணீர் அளக்கும் காகிதம்

உடன்பிறந்த ரத்தம் ஒருநாளும் துரோகம் செய்யாது என்பது அண்ணனின் கொள்கை. தங்கைக்குத் ரத்தத்தை உருவாக்கும் தன் ஸ்டெம் செல்லைத் தானம் கொடுத்த நாளிலிருந்து, ஆஸ்பத்திரி லிஃப்ட் இயக்குகிறவர் வரைக்கும் எல்லோரிடமும் அதை முழங்கிவிட்டார். போன ரத்தமோ புகுந்த இடத்தில் அதிகாரம் செய்கிறது. அவளுடைய கண்ணீர்ச் சுரப்பிகளையே பகையாளியாகப் பார்க்கிறது. அரையிருட்டு அறையில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். கீழிமைகளில் மடித்துச் செருகிய வெள்ளைக் காகிதப் பட்டைகள் முகக்கவசத்தின் மேல் தொங்குகின்றன. ஐந்து நிமிடத்தில் அவை எவ்வளவு நனைகின்றனவோ அவ்வளவுதான் கண்ணில் ஈரம். நனையாவிட்டால், கருவிழி புண்ணாவதற்கு முன்னால் மருந்தைக் கூட்ட வேண்டும். கடிகாரம் டிக்டிக்கென்கிறது. காகிதம் காய்ந்தே கிடக்கிறது. அள்ளிக் கொடுத்தவருக்கு இப்போது செய்ய ஒரு வேலையும் இல்லை. "கொஞ்சம் அழேம்மா," என்று கெஞ்சுகிறார். "நீ பேசறதைக் கேட்டா சிரிப்புதாண்ணா வருது." "சின்ன வயசுல உன் பொம்மையை உடைச்சேனே?" "அதுக்கு அப்பவே அழுது முடிச்சிட்டேன்." பரிசோதனை செய்கிற பெண், "சார், பேச்சுக் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு நேரம் பார்க்கத் திரும்புகிறாள். மறுபடி இந்தப் பக்கம் பார்க்கும்போது, அண்ணனின் ஆள்காட்டி விரல் காகிதத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி அந்தரத்தில் நிற்கிறது. விரல் நுனி எச்சிலாக இருக்கிறது.