நாலாக மடித்த சீட்டு

“எத்தனை நாளா காய்ச்சல்னு கேளுங்க,” என்றாள் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்.

பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் பக்கம் திரும்பினார். “எத்தனை நாளா காய்ச்சல்?”

“நாலு நாளா.”

“நாலு நாளாம்!”

“எனக்கும் காது இருக்குண்ணே!” என்று அவள் எரிந்து விழ, சபைக்கூடமே கொல்லென்று சிரித்தது.

விஷயம் இதுதான். நர்சிங் மாணவிகள் எட்டுப் பேர் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார்கள். பாஷை தெரியாத ஒரு தேசத்தில் பகலில் சுகாதார முகாம், சாயங்காலம் ஜெபக்கூட்டம். இன்று அதற்குக் கடைசி ஒத்திகை.

சபையார்தான் நோயாளிகள். ஆளுக்கொரு சீட்டு கொடுத்திருந்தார்கள், அதில் உள்ள வியாதியை நடிக்க வேண்டும். எந்தச் சீட்டு யாருக்கு என்பது மாணவிகளுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவர் பெரிய சிஸ்டர், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ்.

பாடகர் குழுவிலேயே பெரிய தொண்டைக்காரரான ‘மைக்செட்’ அண்ணன்தான் மொழிபெயர்ப்பாளர். அங்கே போனால் எல்லாப் பேச்சும் ஒருவர் வழியாகத்தான் நடக்கும் என்பதால், இங்கேயும் நோயாளி அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தமிழைத் தமிழுக்கே மாற்றுவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளைக் கோட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியில் அவசரக்குடுக்கை என்று பெயர். போன வார ஒத்திகையில் அவள் ஒருத்திதான் ஃபெயில். “நோயாளி வாயைத் திறக்கறதுக்குள்ள நீ வைத்தியத்தை முடிச்சிடறே. இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா, எல்லாருக்கும் டாட்டா காட்டத்தான் நீ ஏர்போர்ட்டுக்கு வரணும்,” என்று பெரிய சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷக் கனவு. மேஜைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“அடுத்த ஆள் வாங்க!”

வந்து உட்கார்ந்தது அவளுடைய அம்மா.

போச்சு, என் பயணம் அம்போ என்று நினைத்தாள் மகள். அம்மா தையல்காரி. எட்டுப் பேருக்கும் கோட்டு தைத்தவள் அவள்தான். ஆனால் நடிப்பு மட்டும் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு தடவை சபை நாடகத்தில் சும்மா மரமாக நில்லுங்கள் என்றதற்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததால் மேடையை விட்டு இறக்கி விட்டார்கள்.

கொடுத்த சீட்டை நாலாக மடித்தபடியே உள்ளங்கையில் பிடித்திருந்தாள்.

“என்ன தொந்தரவுன்னு கேளுங்கண்ணே.”

“என்னம்மா தொந்தரவு?”

அம்மா சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பவும் இல்லை. மைக்செட்டையே பார்த்துச் சொன்னாள். “மார்புல ஒரு கட்டி தம்பி. இடது பக்கம்.”

“இடது மார்புல கட்டியாம்.” கூச்சத்தில் மைக்செட்டின் குரலே இறங்கிப் போயிற்று.

“எத்தனை நாளா?”

“மூணு மாசமா. வலி கிடையாது, அதனால விட்டுட்டேன். இப்ப பெருசா தெரியுது.”

அட, அம்மாவா இது! மகளுக்கு நம்பவே முடியவில்லை. பின் வரிசையில் மார்க் போட்டுக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர்கூடப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். எட்டு எண்ணும்போது அம்மாவே மறுபடி பேசினாள்.

“வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்கப் போகுது தம்பி. இப்பப் போய் இதைச் சொன்னா அது நின்னுடும். அது முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கேன். தப்பா?”

“தப்புதான்னு சொல்லுங்கண்ணே. ஆனா திட்டற மாதிரி சொல்லாதீங்க.” மகளுக்கு வார்த்தை நிதானமாக வந்தது. “கட்டி எல்லாமே கேன்சர் இல்ல, பயப்பட வேணாம். ஆனா நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். எந்த நல்ல காரியமும் தள்ளிப் போகலாம், இது தள்ளிப் போகக் கூடாது. தனியா போகாதீங்க. வீட்டுல மக இருந்தா, அவளைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

மைக்செட் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

“சரி தம்பி. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க,” என்றாள் அம்மா.

மகள் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். உள்ளங்கை வேர்த்துப் போயிருந்தது. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மாணவிகள் படபடவென்று கை தட்டினார்கள்.

“அம்மா, கலக்கிட்டே போ! இத்தனை நாளா இந்த நடிப்பை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தே விட்டாள். “சிஸ்டர், நான் பாஸ்தானே? வியாழக்கிழமை போலாம்தானே?”

பெரிய சிஸ்டர் வேகமாக நடந்து வந்தார். அம்மாவின் விரல்களை மெதுவாக விலக்கிச் சீட்டை எடுத்து, மடிப்புப் பிரித்து, மகளின் முன்னால் வைத்தார்.

“நான் எழுதிக் குடுத்தது முட்டிவலி, பாப்பா.”