லேபிள் இல்லாத சட்டை

ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிய அம்மாவுக்கு, வேலை கேட்டு வந்த பெண்ணைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவள் கேள்வி கேட்டால் அவள் சுவருக்குப் பதில் சொன்னாள்.

"முன்னாடி எங்கம்மா வேலை பாத்தே?"

"ஸ்பெஷல் ஸ்கூல்ல. நாலு வருஷம், ரெண்டு மாசம், ஒம்பது நாள். அந்த டியூப்லைட்ட அணைச்சிடலாமா?"

வெளிச்சம் ஏன் உறுத்துகிறதாம்? அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. சர்டிஃபிகேட் எடுக்க அவள் குனிந்தபோது பார்த்தால், சட்டைக் கழுத்தில் லேபிளைக் கத்தரித்த தடம்! கடையில் சுட்டதேதான்.

பேச்சை முடித்து அனுப்பிவிட நினைத்து, மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அக்காவுக்கு டாட்டா சொல்லு. கண்ணப் பாத்துச் சொல்லு!"

மகள் நெளிந்தாள்.

"விட்டுடுங்க. கண்ணப் பாத்தா, சொல்றது காதுல விழாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் விழாது. எங்கம்மாவும் இப்படித்தான் மோவாயப் பிடிப்பாங்க."

அம்மாவின் கை தானாக இறங்கியது. "அப்போ... அந்த லேபிள்?"

"குத்தும். பாப்பா சட்டையிலயும்தான் இல்லையே."

மகளுக்குப் புதுச் சட்டை வந்தால் முதலில் கத்தரியைத் தேடுகிற அம்மா எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தாள்.

'இவ பெரியவளானா என்ன ஆவா?' என்று எத்தனையோ டாக்டர்களைத் துளைத்தும் கிடைக்காத பதில், எதிர் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி, "சம்பளம் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.